யாரை அடிச்சார்?

இந்த உலகத்தில் இதுவரை யாருமே எதையுமே ஒழுங்காக ஜெயித்ததில்லை என்று நிரூபிப்பதற்காகவே கடவுள் ஒரு மனிதரைக் கிழக்குத் தாம்பரத்தில் இறக்கிவிட்டிருந்தார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவரை என் ஆபீஸிலேயே வேலைக்குச் சேர்த்து, நான் போகிற எட்டு பத்து மின்சார ரயிலில் என் எதிர் சீட்டிலேயே உட்காரவும் வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது வருஷம். போன ஜென்மத்தில் நான் யார் குடியைக் கெடுத்தேனோ தெரியவில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அது சம்பளப் பட்டியலிலும் சர்ச் ரிஜிஸ்டரிலும் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பெட்டியில் அவருக்குப் பெயர் 'யாரை அடிச்சார்'. ஆறடிக்கு மேல் உயரம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவர் உட்கார்ந்தால் இன்னொருவர்தான் உட்காரலாம், அதுவும் ஒல்லியாக இருந்தால். இளவயதில் மாநில அளவில் ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எழும்பூரில் இருக்கும் எங்கள் அரசு அலுவலகத்துக்குள் வந்தவர்.

பெயர் வந்த கதை இதுதான். உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவர் இருந்தார். யார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் இந்தப் பத்திரிகைக்கு நாற்பது கடிதம் வரும், நாற்பதிலும் என்னைத் திட்டியிருப்பார்கள். அந்த சாம்பியன்தான் உலகத்திலேயே பெரியவர் என்று நான் சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். என் முட்டாள்தனம், ரயிலில் ஏறிய முதல் வாரத்திலேயே அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"பெரியவர்தான் சார். யாரை அடிச்சார்?"

அன்றைக்குத் தொடங்கியது. நான் ஒரு எதிராளியின் பெயரைச் சொல்வேன், அவர் அந்த ஆளைப் பிரேதப் பரிசோதனை செய்வார். முதல் ஆளுக்கு வயசாகிவிட்டது. இரண்டாவது ஆள் அடி வாங்கி அடி வாங்கி ஏற்கெனவே பாதி காலி. மூன்றாவது ஆள் ரிட்டையர் ஆகி வீட்டில் இருந்தவர், கூப்பிட்டார்களே என்று வந்தார். நான்காவது ஆளைப் பற்றி அவர் சொன்னதை மட்டும் என்னால் மறக்க முடியாது. "அவன் தொப்பையைப் பாருங்க சார், நம்ம சூப்பிரண்டு மாதிரி." சூப்பிரண்டு பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். எங்கள் செக்ஷனில் அந்த வருஷம் யாருக்கும் கேட்ட இடத்துக்கு மாறுதல் கிடைக்கவில்லை.

கையில் செல்போன் வந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. அதற்கு முன்னால் நான் சும்மா அடித்துவிடலாம், அவரும் அடித்துவிடலாம். இப்போது அந்தப் பழைய சண்டை எல்லாமே யூடியூபில் கிடைக்கிறது. குரோம்பேட்டையில் ஆரம்பிப்பார். சாம்பியன் அடிக்கும் இடம் வரும்போது நிறுத்தி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, எதிராளியின் காலைக் காட்டுவார். அடி விழுவதற்கு முன்னாலேயே கால் தடுமாறுகிறதாம். நான் பார்த்தவரை அது கால்தான். மாம்பலம் வரும்போது எனக்கு என் சாம்பியன் மேலேயே சந்தேகம் வந்துவிடும். வீட்டுக்குப் போய் சாப்பாட்டில் மனசு ஒட்டாது.

"ஒரு மனுஷன் அவன் காலத்துல இருக்கிற ஆளோடதானே சார் சண்டை போட முடியும்? நல்ல ஆள் பொறக்கலைன்னா அவன் என்ன செய்வான்?" என்று ஒருநாள் கிட்டத்தட்ட அழுதுகொண்டே கேட்டேன்.

அவர் செல்போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். "ஒண்ணும் செய்ய முடியாதுதான். பாவம்தான். ஆனா எதிராளி மட்டம்னா சாம்பியன் பெல்ட்டு இடுப்புல நிக்கும் சார், மனசுல நிக்காது" என்றார். ஏதோ பெரிய தத்துவம் சொல்லிவிட்டதாக நினைப்பு என்று நான் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

சாம்பியனோடு நிறுத்தினாரா என்றால் அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க் வாங்கி சாக்லேட் எடுத்துக்கொண்டு வந்தால், சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டே கிளாஸில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்பார். ஆபீஸிலிருந்து எல்லோரும் வண்டலூர் ஜூவுக்குப் போனபோது சிங்கத்தின் முன்னால் நின்று, இது யாரை அடித்தது, கறிதான் நேரத்துக்கு உள்ளேயே வந்துவிடுகிறதே என்று அங்கிருந்த ஊழியரிடம் விசாரித்தார். சிங்கம் எழுந்து அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. எனக்கு அந்தச் சிங்கத்தின் மேல் ஒரு பந்தபாசமே வந்துவிட்டது.

சர்ச்சில் நடந்ததையும் சொல்லியாகவேண்டும். கவண்கல்லால் ராட்சசனை வீழ்த்திய ஆட்டிடையனைப் பற்றிப் பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உருகி உருகிப் பிரசங்கம் செய்திருக்கிறார். ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அந்த ராட்சசன் நாற்பது நாள் வந்து கத்தினான், எதிர்த்து ஒருத்தரும் வரவில்லை, அப்படியென்றால் அதற்கு முன்னால் அவன் யாரை அடித்தான், அவனை எதை வைத்துப் பெரிய ஆள் என்கிறோம் என்று கேட்டிருக்கிறார். பின்னால் கை குலுக்க நின்ற வரிசை ரோடு வரைக்கும் போய்விட்டது. பாஸ்டர் அடுத்த மூன்று மாதம் அன்பைப் பற்றி மட்டுமே பேசினார் என்று கேள்வி.

இவ்வளவுக்குப் பிறகும் அவரை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது. என் மனைவி பிரியாணி எல்லாம் செய்து வைத்து, நான் அவளைப் பெண் பார்க்க வந்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, வேறு எத்தனை வரன் வந்தது என்று விசாரித்தார். வேறு ஒன்றும் வரவில்லை என்றாள் இந்த வெகுளி. அவர் என் பக்கம் திரும்பி, மனப்பூர்வமான வருத்தத்தோடு, "வாக்ஓவர்" என்றார். எதிராளி மேடைக்கே வராமல் கிடைக்கிற வெற்றிக்கு அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். அதன் பிறகு என் வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடைத்ததில்லை. எனக்கும் ஒரு வாரம் சாப்பாடு சுமார்தான்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் தோளையும் கையையும் பார்த்தால் கேட்கத் தோன்றாது. கேட்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது, அதுவும் தெரியாத்தனமாக.

அவர் ரிட்டையர் ஆக ஒரு மாதம் இருந்தது. விழாவில் படிக்கிற வாழ்த்துமடலை எழுதும் வேலையை, பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற குற்றத்துக்காக, என் தலையில் கட்டியிருந்தார்கள். பல்லாவரத்தில் ரயில் நின்றபோது நோட்டை எடுத்துக்கொண்டு, "அந்த கோல்டு மெடல் ஃபைனல்ல யாரை அடிச்சீங்க சார்? பேர் சொன்னா நல்லா இருக்கும்" என்றேன். சத்தியமாகக் குத்தலாகக் கேட்கவில்லை.

திரிசூலம் போனது, மீனம்பாக்கம் போனது. பத்தொன்பது வருஷத்தில் அந்த மனிதர் இரண்டு ஸ்டேஷன் வாயை மூடிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"யாரையும் அடிக்கல சார்."

அந்த வருஷம் ஹெவிவெயிட்டில் மொத்தமே இரண்டு பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்களாம். நம் ஊரில் அந்த எடைக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் மூன்று ரவுண்டு மூச்சு வாங்காமல் நிற்கமாட்டான். அதனால் நேராக ஃபைனல். எதிராளி படப்பைக்காரர். காலையில் வந்து எடை பார்த்துவிட்டுப் போனவர் சாயங்காலம் வரவில்லை. இவர் கிளவுஸ் மாட்டிக்கொண்டு ரிங்கில் ஏறி நின்றிருக்கிறார். மைக்கில் அந்த ஆளின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மணி அடித்தார்கள். ரெஃப்ரி வந்து இவர் கையைத் தூக்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்களாம். அதற்குத்தான் தங்கம், அந்தத் தங்கத்துக்குத்தான் வேலை, அந்த வேலைக்குத்தான் பெண் கொடுத்தார்கள். எல்லாமே அந்த வராத ஆள் போட்ட பிச்சை என்றார். நான் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கிண்டி வந்ததும் அவரே ஒரு முடிவோடு நிமிர்ந்தார். படப்பைக்காரரின் விலாசம் பழைய ரெஃப்ரி ஒருவர் மூலமாகக் கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமை நேரில் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கப்போகிறார், ஏன் வரவில்லை என்று. பயந்து வரவில்லை என்று அந்த ஆள் வாயால் சொல்லிவிட்டால் அது ஜெயித்த கணக்குதான், வாழ்த்துமடலில் தங்கம் என்று எழுதலாம். வேறு எந்தக் காரணம் சொன்னாலும் தங்கம் என்ற வார்த்தையே இருக்கக்கூடாது. சாட்சிக்கு நான் வரவேண்டும். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளில் கை வைத்தார். நான் வருவதாகச் சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பஸ் ஸ்டாண்டில் நின்றார். முடிச்சூர் ரோடு முழுக்க அந்தக் கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அன்பாக ஒரு தரம், கண்டிப்பாக ஒரு தரம். "ஏன் வரலை?" என்று அவர் ஒருமுறை குரலை உயர்த்தியபோது, கூட்டத்தில் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த கண்டக்டர், "தோ வரேன் சார், பறக்கவா முடியும்?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதர் தன் மொத்த ஆயுளையும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சிரிப்பது.

வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. படப்பைக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். தாம்பரத்திலிருந்து வருகிறோம், அந்தக் காலத்து பாக்ஸிங் பழக்கம் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஜன்னல் ஓரத்து நாற்காலியில் ஒரு பெரிய உருவம் சாய்ந்திருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"வாதம் வந்து ரெண்டு வருசம் ஆவுது சார். காது நல்லா கேக்கும், அல்லாம் புரியும். பேச்சுதான் சுத்தமா பூட்ச்சு" என்றார் அந்த அம்மா.

முப்பத்தைந்து வருஷமாகத் தேக்கி வைத்த கேள்வி, இரண்டு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்திருந்தது. நம்மவர் ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் சுவரைப் பார்த்தேன். டிவிக்கு மேலே, கண்ணாடி போட்ட சட்டத்துக்குள், வெள்ளிப் பதக்கம். நடக்காத சண்டைக்கு ஒரு ஊரில் தங்கமும் இன்னொரு ஊரில் வெள்ளியும் இத்தனை வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

நான் பார்ப்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து அத்த ஒண்ணுதான் சொல்லிகினு இருப்பாரு சார். தாம்பரத்து ஆளு ஒர்த்தராம். மலை மாரி இருப்பாராம். இவரு மூக்குல ரத்தம் வந்துச்சாம், அப்பவும் கீழ வுழாம மூணு ரவுண்டும் நின்னாராம். தோத்தாலும் அப்பேர்ப்பட்ட ஆளுகிட்டதான் தோத்தேன்னு சொல்வாரு" என்றவர், நம்மவரின் தோளையும் கையையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது நீங்கதானா சார்?"

நாற்காலியில் இருந்தவரின் கண் இவர் மேலேயே இருந்தது. நல்ல கையான இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் இருந்தது பயம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அது இருந்ததா என்று தெரியாது, இப்போது இருந்தது. நான் கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன். ஏனென்றால் எனக்கு எங்கள் ஆளைத் தெரியும். உலக சாம்பியனுக்கே ஒரு சண்டையைக்கூட விட்டுக்கொடுக்காதவர். சிங்கத்தையே விசாரணை செய்தவர்.

அவர் ஹார்லிக்ஸைக் கீழே வைத்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் போய், தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார்.

"நான்தாம்மா. ஆனா ஒண்ணு மட்டும் இவர் உங்ககிட்ட சொல்லல. அன்னிக்கு ஜட்ஜுங்க தப்பா குடுத்துட்டாங்க. ஜெயிச்சது இவர்தான்."

சொல்லிவிட்டு அந்த இடது கையைப் பிடியிலிருந்து மெதுவாக எடுத்து, மணிக்கட்டைப் பிடித்து, ரெஃப்ரி தூக்குகிற மாதிரி மேலே தூக்கினார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இத்தினி நாளு இத்த ஏன்யா சொல்லல என்று புருஷனைக் கடிந்துகொண்டார். படப்பைக்காரர் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அது அழுகையா வேறு ஏதாவதா என்று எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. வாசலில் போய்ச் செருப்பைத் தேடுவதுபோல் நின்றுகொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பத்தொன்பது வருஷம் என் சாம்பியனைக் கிழித்துத் தொங்கவிட்டவர், போகிற வீட்டில் எல்லாம் நியாயம் பேசியவர், கடைசியில் அப்பட்டமாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து கடலை சாப்பிடுகிறார். கேட்க வந்ததைக் கேட்கவே இல்லையே, இனிமேல் எப்படித் தெரியும் என்று கத்தினேன்.

"இனிமே தெரியவே தெரியாது சார்" என்றார். கொஞ்சம் கடலையை என் கையில் போட்டார். "அவர் வீட்டுல நான் இத்தனை வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நான்தான் தெரியாம ரிங்குல தனியா நின்னுக்கிட்டு இருந்தேன்."

வாழ்த்துமடலில் தங்கம் என்ற வார்த்தை வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் எழுதவில்லை. ஆனால் நண்பர்கள் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் இண்டர்நெட்டில் கிடைத்த ஒரு குத்துச்சண்டை உடம்பை எடுத்து, அதன் மேல் இவர் தலையை ஒட்டி, 'முன்னாள் மாநில ஹெவிவெயிட் சாம்பியன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார். அந்த உடம்பு எங்கள் உலக சாம்பியனுடையது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கும் தெரிந்துவிட்டது. வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "உடம்பு நல்ல உடம்புதான் சார்" என்றார். மேற்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்கு அப்போதே பக்கென்றது.

அதன் பிறகு அவர் எதையுமே கேட்கவில்லை. போன் செய்து என் சாம்பியனின் எதிராளிகளை நானே மட்டம் தட்டிப் பார்த்தேன், வம்புக்கு வரமாட்டாரா என்று. இருக்கட்டும் சார், அவங்கவங்களால ஆனதை அவங்கவங்க செஞ்சாங்க என்றார். மாதம் ஒருமுறை படப்பைக்குப் போய்வருவதாகவும், அந்த மூன்று ரவுண்டையும் அவர்களுக்குச் சொல்லிக் காட்டுவதாகவும், ஒவ்வொரு தடவையும் தான் கொஞ்சம் கூடுதலாக அடி வாங்குவதாகவும் சொன்னார். போன மழைக்காலத்தில், சாயங்கால வாக்கிங் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதுவும் எதிராளி யார் என்றே தெரியாமல் போன ஒரு தோல்விதான்.

ஆபீஸ் நண்பர்கள் அதே ஃப்ளெக்ஸ் படத்தை வைத்துக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே சுவரில் ஒட்டியிருந்தார்கள். மறுநாள் காலை எட்டு பத்துக்குப் போகும்போது அதன் முன்னால் நின்றுவிட்டேன். டிபன் பையோடு வந்த ஒருவர், தினமும் இந்த ரயிலில் போகிறவர்தான், பெயர் தெரியாது, போஸ்டரை மேலிருந்து கீழ் வரை படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஹெவிவெயிட் சாம்பியனாம் சார். யாரை அடிச்சாரோ?"

"என்னை சார்" என்றேன். "பத்தொன்பது வருஷம், தினமும்."